களைப்பு அவிசுவாசமா? தோட்டப் பட்டணத்துச் சகோதரி ஒருவருக்குப் பதில்

பேராக் மாநிலத்தின் தோட்டப் பட்டணம் ஒன்றிலிருந்து 51 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

செம்பனை ஆலை அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணக்கு வேலை செய்கிறார். கணவர் லாரி ஓட்டுநர். ஒரே மகள் இந்த ஆண்டு பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதப்போகிறாள். ஊரிலுள்ள சிறிய தமிழ்ச் சபையில் ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், மருத்துவமனைச் சந்திப்பு, காணிக்கைக் கணக்கு, ஆராதனைக்குப் பிந்திய சிற்றுண்டி எல்லாமே இவர் பொறுப்பு. போதகருக்கு மூன்று ஊர்ச் சபைகள் இருப்பதால், மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் அவரால் இங்கே வர முடிகிறது. ஞாயிறு விடியுமுன் எழுந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மைலோ பானம் கலக்கி வைத்துவிட்டு, சபை வேனை எடுத்துக்கொண்டு இரண்டு தோட்டங்களுக்குப் போய், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலேயே தங்கிவிட்ட முதியவர்கள் ஏழு பேரை ஏற்றி வருகிறார்.

இவருக்கு எட்டு ஆண்டுகளாக இனிப்பு நீர் (நீரிழிவு நோய்). ஆண்டுத் தொடக்கத்தில் சபையில் நடந்த உபவாச ஜெபத்தின்போது மாத்திரையை நிறுத்தியவர், பிறகு தொடவே இல்லை. "மாத்திரையை நம்பிக்கொண்டு, கர்த்தரே என் பெலன் என்று எப்படிச் சாட்சி சொல்வது?" என்று கேட்கிறார். மிகவும் களைப்பாயிருக்கிறது என்று மூப்பர் ஒருவரிடம் சொன்னபோது, "உங்கள் சுய பெலத்தில் செய்தால் அப்படித்தான், இன்னும் அதிகமாய் ஜெபியுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. வேன் ஓட்ட ஒரு தம்பி முன்வந்தார். சபைக்குப் புதியவர், சிகரெட் பழக்கத்தை இன்னும் விடவில்லை என்பதால் வேண்டாம் என்றுவிட்டார். இன்னொரு சகோதரி எழுதிய ஐக்கியக் கணக்கை, அவருக்குத் தெரியாமல் இரவில் உட்கார்ந்து திருத்தி எழுதினார்.

போன மாதம் தோட்டத்துச் செம்மண் சாலையில் வேன் ஓட்டும்போது கண் இருட்டிவிட்டது. செம்பனை மரங்களின் ஓரமாக வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். பின்னால் இருந்த பாட்டிமார், இவர் ஜெபம் செய்கிறார் என்று நினைத்து "ஆமென்" என்றார்களாம்.

இவருடைய கேள்விகள் மூன்று. ஓய்வு கேட்பது அவிசுவாசமா? தேவ பெலத்தைச் சார்வது என்றால் என்ன? வேலையை விட்டுவிட்டு, சேம நிதிப் பணத்தில் சபைக்குப் புது வேன் வாங்கி, முழுநேர ஊழியத்தில் இறங்கலாமா? கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "சில இரவுகளில், காலையில் கண் விழிக்காமலே போனால் நல்லது என்று தோன்றுகிறது."

அன்புச் சகோதரி,

கையெழுத்துக்குக் கீழே நீங்கள் எழுதிய வரிக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். நேராகவே கேட்கிறேன்: உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு வந்ததுண்டா? அதற்கு வழி ஏதாவது யோசித்ததுண்டா? ஆம் என்றால், இதற்குமேல் படிப்பதை நிறுத்திவிட்டுக் கணவரிடம் சொல்லுங்கள். அவர் லாரியோடு வெளியூரில் இருந்தால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 15555-ஐ அழையுங்கள். ஆபத்து கண்முன் இருந்தால் 999. அப்படியெல்லாம் இல்லை, அலுத்துப்போய் எழுதியதுதான் என்றாலும், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த வரியை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வருவது சாதாரணமாகக் காணப்படுவதுதான். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

இப்படி நினைத்ததற்காக வெட்கப்படாதீர்கள். எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றுதான் வேண்டினார். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் அதற்குக் கிடைத்த பதிலைக் கவனியுங்கள். அவரை யாரும் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார்கள். தூதன் தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார், மறுபடியும் சாப்பிட்டார். கர்த்தர் அவரோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான்.

மாத்திரையும் வேனும்

நான் ஆலோசகன், மருத்துவன் அல்லன். எந்த மருந்து, எந்த அளவு என்று நான் சொல்லக்கூடாது. உங்கள் மூப்பரும் சொல்லக்கூடாது. இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம். மருந்தை எப்போது, எதற்காக நிறுத்தினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பழைய மாத்திரையை நீங்களாகவே பழைய அளவில் தொடங்கவும் வேண்டாம். முதலில் ரத்தப் பரிசோதனை நடக்கட்டும். திட்டுவார்கள் என்று பயப்படாதீர்கள். நோன்பு மாதத்தில் மருந்தை எப்படி மாற்றிக்கொள்வது என்று ஆண்டுதோறும் நம் முஸ்லிம் அண்டை வீட்டார் கேட்கும் கேள்விக்கு அதே கிளினிக்கில்தான் பதில் சொல்கிறார்கள். உபவாசம் அவர்களுக்குப் புதிய விஷயம் இல்லை. அடுத்த உபவாச ஜெபத்துக்கு முன்பே போய்க் கேட்டால், உங்கள் உடம்புக்கு அது ஒத்துவருமா, எந்த அளவில் ஒத்துவரும் என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த நோய் உங்கள் ஆவிக்குரிய நிலைக்கு யாரும் கொடுத்த மதிப்பெண் அல்ல. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஞாயிறு ஆராதனையில் உங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பலருடைய கைப்பையிலும் அதே மாத்திரை இருக்கும். நீங்கள் மாத்திரையை விட்டதைச் சாட்சியாகச் சொன்னால், அதைக் கேட்டு இன்னொருவரும் விட்டுவிடக்கூடும். அந்தப் பொறுப்பையும் நினைத்துப் பாருங்கள். வேதத்தில் மருத்துவர் இல்லாத ஊழியமா நடந்தது? லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று பவுலே எழுதுகிறார். அடிக்கடி நோய்வாய்ப்பட்ட தீமோத்தேயுவுக்கு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று கடிதத்தில் வைத்தியமும் சொன்னார். உன் விசுவாசம் போதாது என்று எழுதவில்லை.

வேன் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. கண் இருட்டியதற்குக் காரணம் என்ன என்று மருத்துவர் சொல்லும்வரை நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. உங்கள் உயிரைக் கர்த்தர் கையில் ஒப்புக்கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கலாம். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஏழு பேரின் உயிரை அவர்களைக் கேட்காமல் ஒப்புக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அந்தப் பாட்டிமார் "ஆமென்" சொன்னது நடந்தது தெரியாமல்தான். இரண்டு ஞாயிறு அவர்கள் சபைக்கு வர முடியாமல் போனாலும் பரவாயில்லை. கர்த்தர் லயத்துக்கும் வருவார்.

பிலிப்பியர் 4:13-க்கு அடுத்த வசனம்

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." இந்த வசனம் உங்கள் சமையலறைக் காலண்டரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊழியர்களில் பலரை ஓடவைப்பதும் இந்த வசனம்தான். ஆனால் காலண்டரில் 14-ஆம் வசனத்தை அச்சிடுவதில்லை. "ஆகிலும், நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது" என்று பவுல் தொடர்கிறார். காவலில் இருந்த அவருக்குப் பிலிப்பி சபையார் உதவி அனுப்பியிருந்தார்கள். அதைப் பெற்றுக்கொண்டு அவர் எழுதிய நன்றிக் கடிதத்தின் நடுவில்தான் உங்கள் வசனம் இருக்கிறது. எனக்கு யாரும் வேண்டாம், நானே சமாளிப்பேன் என்பவர் பேசும் வசனம் இல்லை அது. வயிறு நிறைந்தாலும் காய்ந்தாலும் கிறிஸ்துவுக்குள் நிலைத்திருக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லி, அதே மூச்சில், நீங்கள் உதவியது எனக்கு எவ்வளவு நல்லதாயிற்று என்கிறார்.

அந்த உதவியைச் சுமந்து வந்தவர் எப்பாப்பிரோதீத்து. நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்காத பெயர். அதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் 25 முதல் 30 வரையுள்ள வசனங்களைப் படியுங்கள். ஊழியத்துக்கு வந்த இடத்தில் நோயுற்று மரணத்துக்குச் சமீபமாகப் போய்விட்டார். தான் நோயாயிருப்பது ஊரில் தெரிந்துவிட்டதே என்று வேறு அவருக்கு வருத்தம். உங்கள் கடிதத்திலும் அந்த வருத்தத்தைப் பார்த்தேன். கண் இருட்டியதைக் கணவரிடம்கூட நீங்கள் சொல்லவில்லை. தேவன் அவருக்கு இரங்கினார் என்று பவுல் எழுதுகிறார். அவர் குணமானபிறகு, இங்கே வேலை கிடக்கிறது, இருந்து முடித்துவிட்டுப் போ என்று சொல்லாமல், அவரைப் பிலிப்பிக்கே திருப்பி அனுப்புகிறார். சந்தோஷமாய் அவரை ஏற்றுக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவர்களைக் கனம்பண்ணுங்கள் என்று சபைக்கும் எழுதுகிறார்.

உங்கள் மூப்பர் ஒரு மறுப்புச் சொல்லக்கூடும். கிறிஸ்துவின் வேலைக்காகத் தன் உயிரையும் எண்ணாமல் உழைத்தார் என்று 30-ஆம் வசனம் அவரைப் புகழ்கிறதே என்பார். உண்மைதான். அந்தப் புகழ்ச்சியில் உங்களுக்கும் பங்கு உண்டு. இத்தனை ஆண்டுகள் நீங்கள் செய்ததை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அப்படி உழைத்தவரைப் பவுல் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அவர் இறந்திருந்தால் எனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகியிருக்கும் என்கிறார். உடன் ஊழியர் விழுந்துபோவது பவுலுக்குப் பெருமையாக இல்லை.

ஆகவே, உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் பதில் இது. தேவனுடைய பெலன் பெரும்பாலும் இன்னொருவர் கையில்தான் கொடுத்தனுப்பப்படுகிறது. கிளினிக் தாதியின் கையில், சுமையைப் பகிர வரும் சகோதரியின் கையில், சிகரெட் வாசனையோடு சாவி கேட்டு நிற்கும் தம்பியின் கையில். அந்தக் கைகளையெல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டுத் தனியாக நிற்பவர், தேவ பெலத்தைச் சார்ந்திருக்கிறேன் என்று சொன்னாலும், செலவழிப்பது தன் சொந்தப் பெலத்தைத்தான். மூப்பர் சொன்ன "சுய பெலன்" என்ற சொல்லில் ஓர் உண்மை இருக்கிறது. அதற்கு மருந்தாக அவர் சொன்னதுதான் தவறு. இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து ஜெபித்தால் உங்களுக்குத் தூக்கம்தான் ஒரு மணி நேரம் குறையும். அந்தச் சகோதரியின் கணக்கை அவருக்குத் தெரியாமல் திருத்துவதை நிறுத்தினால் உங்கள் இரவும் மிஞ்சும், அவருடைய மனமும் மிஞ்சும்.

ஆள் இல்லை என்பது எவ்வளவு தூரம் உண்மை?

பாதி உண்மை. தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறின, துண்டு துண்டாக விற்கப்பட்டன. நம் குடும்பங்கள் லயங்களை விட்டுப் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளான தாமான்களுக்கும், பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். முன்பு நாற்பது குடும்பங்கள் சேர்ந்து சுமந்ததை இன்று நீங்கள் ஒருவர் சுமக்கிறீர்கள். இந்த மாற்றம் உங்கள் குற்றம் இல்லை. அதை ஈடுகட்டுவதும் உங்கள் ஒருத்தியின் கடமை இல்லை. சபை சிறியதாகிவிட்டது என்றால் அதன் வேலைகளும் சிறியதாகலாம். எல்லா வாரமும் சிற்றுண்டி வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மறுபாதி, வந்த ஆளை நீங்கள் திருப்பி அனுப்பியது. யாத்திராகமம் 18-இல் மோசே காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்க்கிறார். மாமனார் எத்திரோ பார்த்துவிட்டு, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். ஜனங்களும் என்பதைக் கவனியுங்கள். ஒருவரே எல்லாம் செய்கிற இடத்தில் மற்றவர்கள் வளர்வதில்லை.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் ஒரே அளவுகோலால் அளந்து கொடுத்துவிடவும் கூடாது. வேன் ஓட்டுபவருக்கு வேண்டியது செல்லுபடியாகும் உரிமம், நிதானம், சொன்ன நேரத்துக்கு வரும் குணம். சிகரெட்டை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லலாம். பொறுப்பு வந்தால் அந்தப் பழக்கமும் ஒரு நாள் போகலாம், போகாமலும் இருக்கலாம். அதற்காகப் பாட்டிமார் காத்திருக்க வேண்டியதில்லை. ஞாயிறு பள்ளிக்கு நான் இதே வார்த்தையைச் சொல்லமாட்டேன். பிள்ளைகளை ஒப்படைப்பவர்களைச் சபை நன்றாக அறிந்திருக்க வேண்டும். எப்போதும் இரண்டு பெரியவர்களாவது சேர்ந்தே இருக்க வேண்டும். காணிக்கைக் கணக்கு இன்னும் கவனமான விஷயம். நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஒருவரே எண்ணி ஒருவரே எழுதும் ஏற்பாடு உங்களுக்கே ஆபத்து. நாளை ஒரு சந்தேகம் எழுந்தால் உங்களுக்குச் சாட்சி சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேர் கையெழுத்திடட்டும். இதை அடுத்த ஞாயிறே தொடங்கலாம்.

எதை உங்களிடம் வைத்துக்கொள்வது? உங்கள் கடிதத்தில் ஒரே ஓர் இடத்தில் எழுத்து இலகுவாகிறது. மருத்துவமனையில் பேச யாருமில்லாத ஒரு முதியவரின் காலைத் துடைத்துவிட்டு, அவர் பழைய பால்மரக் காட்டுக் கதைகளைச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்ததை எழுதியிருக்கிறீர்கள். அங்கே களைப்பு என்ற சொல்லே இல்லை. மற்றவற்றைக் கைமாற்றும்போது அதை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

வேலையை விடலாமா?

இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. அழைப்பு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதை அறுதியிட்டுச் சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் இவ்வளவு தளர்ந்த நிலையில் எடுக்கும் பெரிய முடிவில், எது அழைப்பு, எது தப்பித்து ஓடும் ஆசை என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஆலை வேலைதான் உங்களைக் களைக்கவைக்கிறது என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதிய வார நிரலைப் பார்த்தால், வேலையை விட்டாலும் அந்த நேரத்தையும் ஊழியமே எடுத்துக்கொள்ளும்.

பணக் கணக்கையும் பாருங்கள். 50 வயது தாண்டியவர்கள் ஊழியர் சேம நிதியில் சஜாத்தெரா கணக்கிலுள்ள தொகையை எடுக்கலாம். ஓய்வுக்காலக் கணக்கிலுள்ளதை எடுக்க 55 வயது ஆக வேண்டும். சட்டப்படி உங்களால் எடுக்க முடியும் என்பதாலேயே எடுக்க வேண்டும் என்றில்லை. வேலையை விட்டால் மாதச் சம்பளத்தோடு, 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குவோருக்கு முதலாளி கட்டும் 13 விழுக்காட்டுச் சந்தாவும், சமூகப் பாதுகாப்புக்கான பெர்கேசோ சந்தாவும் நின்றுவிடும். மகள் எஸ்பிஎம் முடித்து மேற்படிப்புக்குப் போகும் ஆண்டில் அது நடக்கும். வேன் சபையின் தேவை என்றால் சபை கூடிப் பேசட்டும். ஊருக்கு வெளியே வேலை செய்யும் பழைய தோட்டத்துப் பிள்ளைகளிடமும் கேட்கட்டும். கேட்பதற்கு நீங்கள் கூச்சப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிலிப்பியரிடம் பெற்றுக்கொள்ளப் பவுல் கூச்சப்படவில்லை.

மருத்துவரைப் பார்க்க ஆண்டு விடுப்பை எடுக்கிறீர்கள் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வருந்தினேன். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகளுக்குமேல் ஒரே முதலாளியிடம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டிய நிலை என்றால் அதற்கு 60 நாள். மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். உங்களுக்குள்ள உரிமையைப் பயன்படுத்துங்கள். ஆண்டு விடுப்பில் மகளோடும் கணவரோடும் எங்காவது போய்வாருங்கள்.

மகள் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள், அதற்காக நாள்தோறும் கண்ணீரோடு ஜெபிக்கிறேன் என்கிறீர்கள். "அம்மா எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் மைலோ கலக்குகிறார்" என்று அவள் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குச் சபையின்மேல் என்ன கோபம் என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிகிறது. தேர்வு முடியும்வரை சனிக்கிழமை மாலையை அவளுக்கென்று ஒதுக்குங்கள். சபைப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். அவள் எடுத்தால் பதில் சொல்லாமல் கேளுங்கள்.

போதகரிடம் பேசும்போது கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். நீங்கள் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச்செல்லுங்கள். மூன்று சபைகளுக்கு ஓடும் மனிதருக்கு இங்கே நடப்பது முழுவதும் தெரிந்திருக்காது. மன்னிப்புக் கேட்டுப் பேச்சைத் தொடங்காதீர்கள். மருத்துவர் சொன்னதையும், எதையெல்லாம் எந்த மாதத்துக்குள் யாரிடம் கொடுக்க விரும்புகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். "யாரும் முன்வராவிட்டால்?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், சகோதரி. அது சபை கூடிப் பதில் தேட வேண்டிய கேள்வி.